லோச் மீனுக்கு ராமநாதபுரத்தில் ஒரு கடை: போகலாமா?

ராமநாதபுரம் டவுனுக்குள் இருக்கும் ஒரு சின்ன வண்ணமீன் கடையைப் பற்றி எழுதுகிறேன். பெயரைப் போடவில்லை, நல்லதோடு குறையும் கொஞ்சம் சொல்லப் போகிறேன். மண்டபம், கீழக்கரை, ஏர்வாடிப் பக்கம் இருக்கும் நாமெல்லாம், தொட்டியின் அடியில் மணலில் திரியும் லோச் மீன் வேண்டுமென்றால் மதுரைக்குத்தான் ஓடிக்கொண்டிருந்தோம். இந்தக் கடைக்கு சென்னையில் வண்ணமீன் வியாபாரம் நடக்கும் கொளத்தூரிலிருந்து பார்சல் வருகிறது. விலை மதுரையைவிடக் கொஞ்சம் கூடத்தான், ஆனால் பஸ் காசையும் வழியில் சாகிற மீனையும் கணக்கில் வைத்தால் சரிக்குச் சரி. லோச்சைக் குஞ்சு பொரிக்க வைக்க ஆசைப்படுகிறவர்களுக்காகத்தான் இது. கோல்டு ஃபிஷ் வாங்குகிறவர்களுக்கு எந்தக் கடையும் ஒன்றுதான்.

கடை பாய்க்கு நம் ஊர்த் தண்ணீர் தெரியும், அதற்காகவே போகலாம். மீனைக் காட்டுவதற்கு முன்னாலேயே "தம்பி, உங்க வீட்டுல போர் தண்ணியா, காவிரித் தண்ணியா, கேன் தண்ணியா?" என்று கேட்பார். கடலோரப் போர் தண்ணீர் பெரும்பாலும் உப்பு, கடினம் வேறு. பாம்புக்குட்டி மாதிரி நெளியும் கூலி லோச் வருவதோ தென்கிழக்கு ஆசியாவின் இலை மக்கிய ஓடைகளிலிருந்து, அதற்குக் கொஞ்சம் அமிலத்தன்மையுள்ள மென்மையான தண்ணீர் வேண்டும், முட்டை போட வேண்டுமென்றால் இன்னும் மென்மையாகவே வேண்டும். அதற்காக வெறும் ஆர்.ஓ. தண்ணீரை ஊற்றினாலும் ஆகாது, தாது இல்லாத தண்ணீரில் பி.எச். (அமில, கார அளவு) ஒரு நிலையில் நிற்காது. ஆர்.ஓ.வோடு, ஒரு நாள் திறந்து வைத்துக் குளோரின் போன காவிரித் தண்ணீரைக் கொஞ்சம் கலந்து, தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். மீட்டரும் அங்கேயே கிடைக்கிறது. அதை விற்கத்தான் சொல்கிறாரோ என்று நினைத்தேன், ஆனால் வாங்கியதில் உருப்படியானது அதுதான்.

நேர்மையும் உண்டு. தொட்டியில் ஆரஞ்சும் கறுப்பும் பட்டை போட்ட கிளவுன் லோச் குட்டிகள் அழகாக நிற்கும், யாருக்கும் கை போகும். "அது வீட்டுல முட்டை போடாது, அதை நம்பி வாங்காதீங்க" என்று அவரே சொல்லிவிடுகிறார். உண்மைதான். சுமத்திரா, போர்னியோ ஆறுகளில் வாழும் மீன், ஓரடி வரை வளரும், இருபது வருஷத்துக்கு மேலும் இருக்கும், பண்ணைகளில் ஹார்மோன் ஊசி போட்டுத்தான் முட்டை எடுக்கிறார்கள். ரெண்டடித் தொட்டி வைத்திருக்கிறவருக்கு எதற்கு அது?

அதனால் கூலி லோச் கூட்டமாக வாங்கினேன். இவை பெரும்பாலும் காட்டு ஓடையில் பிடித்தவை, வயிற்றில் புழுவோடு வர வாய்ப்பு உண்டு. வயிறு ஒட்டி, தலைக்குப் பின்னால் பள்ளம் விழுந்திருந்தால் எடுக்காதீர்கள். பாய் பார்சல் வந்த அன்றைக்கே விற்பதில்லை, சில நாள் தனித்தொட்டியில் வைத்துத் தின்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் தருகிறார். பெரிய கடைகளில்கூட நான் இதைப் பார்த்ததில்லை.

இப்போது குறை. கடைப் பையன் லோச்சையும் வலை போட்டே அள்ளுகிறான். இந்த மீனுக்குக் கண்ணுக்குக் கீழே ஒரு முள் உண்டு, பயந்தால் நிமிர்த்தும், வலையில் மாட்டிக்கொள்ளும், இழுத்தால் மீனுக்குத்தான் காயம். டம்ளரால் மொண்டு தரச் சொல்லுங்கள். அப்புறம் எந்த நோய் என்றாலும் அவன் சொல்வது கல் உப்பு. லோச்சுக்குச் செதில் மிகச் சின்னது, சிலவற்றுக்குச் செதிலே இல்லாத மாதிரிதான். உப்போ மருந்தோ முழு அளவில் தாங்காது, வெள்ளைப் புள்ளி நோய் வந்தால் பாதி அளவில்தான் தொடங்க வேண்டும்.

சில சாமான்களை அங்கே வாங்கவே வேண்டாம். தொட்டியில் போடும் பாதாம் இலையை கவர் போட்டு விற்கிறார்கள், நம் தெருவில் உதிர்ந்து கிடப்பதைக் கழுவிக் காயவைத்துப் போட்டாலே போதும். மணலுக்கு மட்டும் கடற்கரைக்குப் போய்விடாதீர்கள், அதிலுள்ள சிப்பித் தூள் கரைந்து தண்ணீரைக் கடினமாக்கும். எந்த மணலாக இருந்தாலும் எலுமிச்சைச் சாறு விட்டுப் பாருங்கள், நுரைத்தால் வேண்டாம். கடையில் உள்ள நைஸ் மணல் நுரைக்கவில்லை.

முட்டை விஷயத்துக்கு வருகிறேன். கூலி லோச் பெட்டை சினையானால் வயிற்றுத் தோல் வழியாகவே பச்சையாகத் தெரியும். மேலே மிதக்கும் செடிகளின் வேர்களுக்குள் முட்டை விடும், அதுவும் இளம்பச்சைதான், ஏறக்குறைய ஒரு நாளில் பொரிந்துவிடும். அதற்குள் பெரிய மீன்களே தின்றுவிடும், அவற்றை வேறு தொட்டிக்கு மாற்றிவிட வேண்டும். ஐப்பசி மழை பிடித்த சமயம் கொஞ்சம் குளிர்ந்த தண்ணீராக மாற்றி வந்தேன், அப்புறம் ஒரு நாள் ஃபில்டரைக் கழுவும்போது நூல் மாதிரி குஞ்சுகள் நெளிந்தன. எப்போது முட்டை போட்டன என்றே தெரியாது! இலைக்குப்பையை அள்ளாமல் விட்டதும் உதவியிருக்கும், குஞ்சுக்கு முதல் தீனி அதில்தான் இருக்கிறது.

பிறகு ஆர்ட்டீமியா, அதாவது குஞ்சுகளுக்குத் தீனியாகும் பொடி உப்புநீர் இறால். முட்டை டப்பாவைக் கடையில் வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் பொரிக்க அவர்கள் தரும் உப்புப் பாக்கெட் வேண்டாம். கடல் பக்கத்திலேயே இருக்கிறது, வடிகட்டிய கடல் தண்ணீரில் காற்றுக் குழாயை விட்டால் நம் வெயிலுக்கு ஒரு நாளில் பொரிந்துவிடும். குஞ்சுகளுக்குப் போடும் முன் நல்ல தண்ணீரில் அலசுங்கள்.

ஏர் மோட்டார் மட்டும் சுமார் ரகம், சத்தம் அதிகம். கரண்ட் போனால் ஓடும் பேட்டரி மோட்டார் கேட்டால் 'அடுத்த வாரம்' என்கிறார்கள், அந்த வாரம் இன்னும் வரவில்லை.

அயிரையும் லோச் இனம்தான், அதையும் வைத்துப் பார்க்கலாமா என்று கேட்டேன். பாய் சிரித்துவிட்டு "அது குழம்புக்குத் தம்பி" என்றார். மதுரைச் சந்தையில் உயிரோடு கிடைக்கும், தென்னிந்தியத் தண்ணீரிலேயே பிறந்த மீன், ஆணுக்கு முன்துடுப்பின் உள்பக்கக் கதிர்கள் தடித்திருப்பதால் இனம் பிரிப்பதும் எளிது. கடையில் வைத்தால் முதலில் வாங்குகிறவன் நான்தான்.

வெள்ளிக்கிழமை மதியம் தொழுகைக்கு மூடிவிடுவார்கள். பையன் மட்டும் இருக்கும் நேரத்தில் போகாதீர்கள், பாய் இருக்கும்போது போங்கள்.