‘ட்ராப் துவக்கு’ என்று சொல்லி விற்கிறார்கள், பார்த்து வாங்குங்கள்

வன்னியில் பயிர்ப் பாதுகாப்புக்கென்று துவக்கு அனுமதி வைத்திருக்கிறவர்களும் விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருக்கிறவர்களும் இதை ஒருக்கால் வாசியுங்கள். கொஞ்ச நாளாக எங்கள் பக்கத்தில் ஓவர் அண்டர் துவக்குகளை, அதாவது இரண்டு குழலும் ஒன்றின்மேல் ஒன்றாக இருக்கிற பன்னிரண்டு போர் (12 bore, குழலின் அளவு) துவக்குகளை, “வெளிநாட்டில ட்ராப் போட்டிக்குப் பாவிச்சது, மலிவாத் தாறம்” என்று சொல்லி ஒரு தரகர் கூட்டம் கொண்டு திரிகிறது. ட்ராப் என்றால் பறக்கிற தட்டைச் சுட்டு உடைக்கிற விளையாட்டு. எனக்கும் ஒன்றைக் காட்டினார்கள். விலையில் பாதியை முற்பணமாக வாங்கினார்கள். துவக்கும் இல்லை, காசும் இன்னும் திரும்பி வரவில்லை.

எங்கள் காணி ஒட்டுசுட்டானுக்கு உள்ளே, காட்டோரம். கச்சானும் உளுந்தும் போடுகிற ஆட்களுக்குப் பன்றியின் கதையைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, ஒரு இரவில் ஒரு கூட்டம் இறங்கினால் விடியும்போது வெறும் கிண்டிய மண்தான். யானைக்கு யானை வெடி, பன்றிக்குத் துவக்குச் சத்தம், இதுதான் இங்கே நடைமுறை. வீட்டில் துவக்கு என்றாலே மனைவிக்குப் பயம், யுத்தத்துக்குள் இருந்து வந்த ஆட்களுக்கு அந்தப் பயம் இருக்கத்தான் செய்யும், அதனால் எல்லாம் பதிவோடு சுத்தமாக இருக்கவேண்டும் என்று முதலிலேயே தரகரிடம் சொன்னேன்.

அவர் தலையாட்டிவிட்டு, “அண்ணை, இது ட்ராப் துவக்கு, விளையாட்டுக்காரர் பாவிச்சது, புதுசு மாதிரி. இத்தாலி வேலை” என்று போனில் படங்களை அனுப்பினார். படத்தில் நல்ல வடிவு. மரம் மினுங்குகிறது, இரும்பில் செதுக்கு வேலை. அந்தப் படங்களை கனடாவில் இருக்கிற மச்சானுக்கு அனுப்பினேன். அவன் ஒன்ராறியோவில் வார இறுதியில் ட்ராப் சுடுகிறவன், களிமண் தட்டு என்று சொல்கிற (உண்மையில் அதில் களிமண்ணே இல்லை, தாரும் சுண்ணாம்புக்கல் தூளும்தான்) சுமார் 110 மில்லிமீற்றர் அகலத் தட்டை இயந்திரம் எறிய, அது தூரப் போகப் போக உடைக்கிற விளையாட்டு.

மச்சான் முதலில் கேட்டது ‘விளையாட்டுக்காரன் பாவித்தது என்றால் அது நல்ல செய்தி என்று யார் சொன்னது?’ என்றுதான். ட்ராப் ஒரு சுற்றுக்கு 25 தட்டு. ஒழுங்காகப் போகிறவன் ஒரே நாளில் நாலைந்து சுற்றுச் சுடுவான். அப்படியென்றால் ஒரு கமக்காரன் ஆயுளில் சுடாத தோட்டாவை அந்தத் துவக்கு ஒன்றிரண்டு வருடத்தில் சுட்டிருக்கும். அதனால்தான் அங்கே காசு மட்டாக இருக்கிறவர்கள்கூட மலிவான புதுத் துவக்கைவிட, பாவித்த பெரெட்டா 686ஐயோ, ஜப்பானில் மிரோக்கு செய்து கொடுக்கிற பிரௌனிங் சிற்றோரியையோ தேடுவார்களாம். அவை தேய்ந்தாலும் திருத்தலாம், உதிரிப்பாகம் கிடைக்கும். ரஷ்யாவின் பைக்கால் பாரமானது, வடிவில்லை, ஆனால் தாங்கும். பெயரே இல்லாத துவக்கை “இத்தாலி வேலை” என்றால் எந்தக் கம்பனி, குழலில் என்ன சோதனை முத்திரை (வெடியைத் தாங்குமா என்று சோதித்து அடிக்கிற அடையாளம்) என்று கேட்கச் சொன்னான். கேட்டேன். “எல்லாம் இருக்கு அண்ணை, நேரில பாருங்கோ” என்றார். முற்பணம் தந்தால்தான் துவக்கைக் கடைக்கு எடுப்பிக்கலாம் என்றார், பற்றுச்சீட்டோடு கொடுத்தேன்.

துவக்கை ஒரு கடையில்தான் பார்த்தேன். அதற்கு முன்பே “வீட்டுக்குக் கொண்டுபோய் ரெண்டு வெடி வைச்சுப் பாருங்கோ, பேப்பர் வேலையைப் பிறகு செய்வம்” என்று ஒரு கதை விட்டார்கள். இதைக் கேட்டவுடனேயே எழும்பிப் போய்விடுங்கள். 1916ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச் சட்டப்படி உங்கள் பெயரில் அனுமதி இல்லாத துவக்கு உங்கள் கையில் இருந்தாலே குற்றம், விற்றவன் எங்கேயோ இருப்பான், பொலிஸில் நிற்பது நீங்கள்.

மருமகன் கராஜ் வைத்திருக்கிறான், அவன் வேர்னியர் இடுக்கியோடு வந்தான். மச்சான் வீடியோவில். முன்கட்டையை, அதாவது குழலுக்குக் கீழே கை பிடிக்கிற மரத்தை, கழற்றிவிட்டுக் குழலைப் பூட்டி, பிடியில் பிடித்து ஆட்டிப் பார்க்கச் சொன்னான். முன்கட்டை இருந்தால் அதன் இறுக்கம் தளர்வை மறைத்துவிடும், கழற்றினால்தான் உண்மை தெரியும். கட கட என்று சத்தமே கேட்டது. மேலே இருக்கிற, துவக்கைத் திறக்கிற நெம்பு புதுத் துவக்கில் பூட்டியபின் நடுவுக்குக் கொஞ்சம் வலப்பக்கமாக நிற்க வேண்டும், தேயத் தேய நடுவுக்கு வரும். இது நடுவையும் தாண்டி இடப்பக்கம் போய் நின்றது. பின்பக்கத்து மரத்தில், இரும்பு வந்து முடிகிற இடத்தில், ஒரு வெடிப்பு. அதற்குள் மெழுகு தேய்த்து மினுக்கியிருக்கிறார்கள். அதுதான் அந்த மினுக்கம்.

பிறகு குழல். ட்ராப் துவக்கு என்றால் வழக்கமாக 30 அல்லது 32 அங்குலம் இருக்கும், இது 26. பன்னிரண்டு போர் குழலின் உள்விட்டம் சுமார் 18.5 மில்லிமீற்றர், வாய்ப்பக்கம் ஃபுல் சோக் என்றால் கிட்டத்தட்ட ஒரு மில்லிமீற்றர் ஒடுங்கவேண்டும், அந்த ஒடுக்கம்தான் ஈயக்குண்டுகளைத் தூரம்வரைக்கும் சிதறாமல் கொண்டுபோகிறது. மருமகன் அளந்தான், வாயில் ஒடுக்கமே இல்லை. முன்குறி மணியைப் புதிதாகத் துளைபோட்டு ஒட்டியிருந்தது. நீளக் குழலை வெட்டிவிட்டார்கள், அதோடு சோக்கும் போய்விட்டது என்பது மச்சானின் கணிப்பு, எனக்கும் வேறு விளக்கம் தெரியவில்லை.

ஆனால் பின்கட்டை, தோளில் வைக்கிற மரம், மட்டும் உண்மையான ட்ராப் கட்டை. இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் நல்ல ட்ராப் துவக்கே கிடைத்தாலும் எங்கள் வேலைக்கு இது இடிக்கும். ட்ராப்பில் தட்டு மேலெழும்பிக்கொண்டே போகும், அதனால் கன்னம் வைக்கிற இடத்தை உயர்த்தி, குண்டுகளில் பாதிக்கு மேல் குறிக்கு மேலே போகிற மாதிரி அமைத்திருப்பார்கள். தரையில் ஓடுகிற பன்றிக்கு அதே துவக்கைப் பிடித்தால் வெடி முதுகுக்கு மேலால் போகும். போதாததற்கு ஃபுல் சோக்கில் எஸ்ஜி போன்ற பெரிய குண்டுகள் நசுங்கிச் சீராகப் போகாது. பாரமும் அப்படித்தான், மூன்றரை கிலோவுக்கு மேலான துவக்கைத் தோளில் வைத்து இரவில் வரம்பில் நடந்து பாருங்கள். ஆக எனக்குக் காட்டிய சாமான் சோக் இல்லாததால் ட்ராப்புக்கும் உதவாது, கட்டை உயரம் என்பதால் காணிக்கும் உதவாது.

இதெல்லாம் ஒருபக்கம் இருக்கட்டும், தரம் குறைந்த பொருள் என்று பேரம் பேசலாம். பெரிய வில்லங்கம் துவக்கின் தொடர் இலக்கத்தில். குழலின் அடியில் ஒரு இலக்கம், உடலில் வேறொரு இலக்கம், முன்கட்டையின் இரும்பில் இருந்ததை அரத்தால் ராவியிருக்கிறார்கள். அனுமதிப்பத்திரத்தில் ஏறுவது இலக்கம். ஒவ்வொரு வருடமும் புதுப்பிக்கப் போகும்போது அதைத்தான் பார்ப்பார்கள். குழல் யாருடையது, அது எங்கே காணாமல் போனது, எந்த வழக்கில் இருந்தது என்று ஒன்றும் தெரியாத இரும்பை, அதுவும் வன்னியில், என் பெயரில் எழுதச் சொன்னால் நான் என்ன விசரனா?

கேட்டதற்கு, “ஓவர் அண்டருக்கு ரெண்டு குழல் எண்டபடியா ரெண்டு இலக்கம் அண்ணை” என்றார். சிரிப்பதா கத்துவதா என்று தெரியவில்லை. ஒரே துவக்கின் குழலிலும் உடலிலும் வழக்கமாக ஒரே இலக்கம்தான் இருக்கும், மேல்குழலுக்கு ஒன்று கீழ்க்குழலுக்கு ஒன்று என்று எந்தக் கம்பனியும் போடுவதில்லை.

வேண்டாம் என்றேன். முற்பணத்தைக் கேட்டால் அது “ஒழுங்குபடுத்தல் செலவு” என்கிறார்கள். பற்றுச்சீட்டில் துவக்கின் பெயரும் இல்லை, இலக்கமும் இல்லை, ‘சாமான் சம்பந்தமாக’ என்று மட்டும் எழுதிக் கையெழுத்து. நீங்கள் யாருக்காவது முற்பணம் கொடுத்தால் துவக்கின் கம்பனி, இலக்கம், குழல் நீளம், கைமாற்றத்துக்கு அனுமதி வராவிட்டால் காசு திரும்பும் என்ற வசனம், இவ்வளவும் எழுத்தில் இல்லாமல் ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம். எழுத மறுக்கிறவர் ஏன் மறுக்கிறார் என்று யோசியுங்கள். நான் பொலிஸில் எழுத்தில் முறைப்பாடு கொடுத்திருக்கிறேன், இலக்கங்களின் படங்களோடு.

அந்தத் துவக்கு இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. போன கிழமையும் மாங்குளம் பக்கத்தில் ஒருவருக்கு அதே படங்கள் வந்திருக்கின்றன. உடலின் இடப்பக்கத்தில் இரண்டு பறக்கிற வாத்து, வலப்பக்கத்தில் ஒரு நாய், பின்கட்டையின் முடிவில் தடித்த சிவப்பு ரப்பர், ஒற்றை விசை. உங்களுக்கும் வந்தால் குழல் அடியின் படத்தைக் கேளுங்கள், அனுப்பமாட்டார்கள்.