இரண்டு கொடி மாட்டிய தேநீர்க் கடை

இரவு டியூட்டி முடிந்து காலை ஆறரைக்கு வெளியே வந்தால் எனக்கு முதலில் வேண்டியது தூக்கம் இல்லை, டீ. பெர்லினில் எட்டு வருஷமாக நர்ஸ் வேலை பார்க்கிறேன். சொந்த ஊர் மன்னார்குடி பக்கம். நல்ல டீக்காக இந்த நகரத்தில் நான் ஏறி இறங்காத கடை குறைவு. கடைசியில் மனசு நின்றுபோன இடம் குரொய்ட்ஸ்பெர்க்கில் ஒரு துருக்கிக் கடை. பெயரைப் போட வேண்டாம் என்று கடைக்காரர் கேட்டுக்கொண்டார். மொத்தமே ஏழு மேசை, வழக்கமாக வருகிறவர்களுக்கே இடம் போதவில்லை. அதனால் வழி மட்டும் முடிவில் சொல்கிறேன்.

இந்தக் கடையை எனக்குக் காட்டியவர் ஒரு யாழ்ப்பாணத்து அண்ணன். டாக்சி ஓட்டுகிறார். 1985இல் கிழக்கு பெர்லின் விமான நிலையத்தில் இறங்கி, ரயில் ஏறி மேற்கு பெர்லினுக்குள் வந்தவர். அந்தக் காலத்தில் ஈழத் தமிழர் பலர் வந்த வழி அது. "தங்கச்சி, தேத்தண்ணி எண்டா இஞ்சதான்" என்று கூட்டிப்போனார். அவர் சொன்னது சரி.

முதலில் டீ. அடுக்கடுக்காக இரண்டு கெண்டி. கீழே தண்ணீர் கொதிக்கிறது, மேலே டிகாக்ஷன் அந்த ஆவியிலேயே இறங்குகிறது. இடுப்பு ஒடுங்கிய சின்னக் கண்ணாடி டம்ளரில் டிகாக்ஷனை ஊற்றி, வெந்நீர் விட்டு நிறம் பார்க்கிறார்கள். சரியான நிறத்துக்கு 'முயல் ரத்தம்' என்று பெயர். டம்ளருக்குக் கைப்பிடி இல்லை, விளிம்பைப் பிடித்துத்தான் தூக்க வேண்டும். பால் கேட்காதீர்கள், கிடையாது. முதல் வாரம் எனக்கும் பால் இல்லாதது கஷ்டமாக இருந்தது. இப்போது ஊருக்குப் போனால்தான் பால் டீ கனமாகத் தெரிகிறது. தேயிலை கருங்கடல் ஓரத்து ரிஸேயிலிருந்து வருகிறது. கடைக்காரரின் அம்மாவுக்கு அதுதான் சொந்த ஊர். ஒரு டம்ளர் இரண்டு யூரோ. இரண்டாவது டம்ளருக்கு அந்த அம்மா காசு வாங்கி நான் பார்த்ததில்லை.

சாப்பாட்டில் மெனெமென் சொல்லுங்கள். தக்காளியும் பச்சை மிளகாயும் வதக்கி முட்டையை உடைத்து ஊற்றி, கெட்டியாக விடாமல் வாணலியோடு கொண்டுவந்து வைப்பார்கள். பருப்பு சூப்புக்கு எலுமிச்சை பிழிந்து ஒரு வாய் குடித்தால், வீட்டில் காய்ச்சல் நாளுக்கு அம்மா வைக்கும் பருப்பு ரசம் ஞாபகம் வரும். மெல்லிய மாவை அடுக்கிச் சுடும் போரெக்கைப் பத்து மணிக்கு மேல் வாங்காதீர்கள், எண்ணெய் ஊறித் தொய்ந்துவிடும். கழிவறை கீழே, படி செங்குத்து. வயதானவர்களைக் கூட்டி வந்தால் யோசித்துக்கொள்ளுங்கள்.

இனி, இதை எழுத உட்கார்ந்ததற்கான காரணம்.

அந்தக் கல்லாவுக்குப் பின்னால் ஒரே குடும்பத்தில் மூன்று தலைமுறை நிற்கிறது. மூவருக்கும் மூன்று விதமான குடியுரிமைக் கதை. அம்மா 1970இல் இருபது வயதில் மின்சாதனத் தொழிற்சாலை வேலைக்கு வந்தவர். மேற்கு ஜெர்மனியும் துருக்கியும் 1961 அக்டோபர் 30 அன்று ஆள் எடுக்க ஒப்பந்தம் போட்டன. இஸ்தான்புல்லில் பல்லைக்கூடப் பார்த்து, உடம்பைச் சோதித்து ரயில் ஏற்றினார்கள். 'விருந்தாளித் தொழிலாளி' என்று பெயர் வைத்தார்கள், விருந்தாளி என்றால் திரும்பிப் போவார் என்ற எண்ணத்தில். அவரும் அப்படித்தான் நினைத்தார். "அடுத்த வருஷம் போயிடுவோம்னு அம்பது வருஷம் சொல்லிக்கிட்டிருந்தேன்" என்றார் ஒரு நாள். துருக்கி பாஸ்போர்ட்டை விடாமலே வைத்திருந்தார்.

மகன், அதாவது கடைக்காரர், இங்கே பிறந்தவர். 2008இல் ஜெர்மன் குடியுரிமை வாங்கினார், அதற்காகத் துருக்கிக் குடியுரிமையைத் துறக்க வேண்டியிருந்தது. முன்னாள் குடிமக்களுக்குத் துருக்கி கொடுக்கும் நீல அட்டை, 'மாவி கார்ட்', அவருடைய பர்ஸில் இருக்கிறது. போகலாம், தங்கலாம், வேலை பார்க்கலாம். ஓட்டு மட்டும் கிடையாது.

பேத்தி 2004இல் பிறந்தவள். 2000இல் வந்த சட்டத்தால் பிறந்த அன்றே ஜெர்மன் பிரஜை, கூடவே துருக்கிப் பிரஜையும். ஆனால் அந்தச் சட்டத்தில் ஒரு கொக்கி இருந்தது: இருபத்து மூன்று வயதுக்குள் இரண்டில் ஒன்றை விட வேண்டும். 2014 கடைசியில் இங்கேயே வளர்ந்த பிள்ளைகளுக்கு அந்தக் கட்டாயத்தை எடுத்துவிட்டார்கள். அப்போது அவளுக்குப் பத்து வயது. அப்பா பட்ட அலைச்சல் அவளுக்கு வேண்டியிருக்கவில்லை.

அம்மாவை நான் 'தெய்ஸே' என்பேன், பெரியம்மா மாதிரி. அவர் என்னை 'கிஸிம்' என்பார், மகளே என்று அர்த்தம். எனக்குத் தெரிந்த துருக்கி வார்த்தைகள் எல்லாம் அவர் கொடுத்தவை. எங்கள் வார்டில் ஒரு முதியவர் இருந்தார். நாற்பது வருஷம் ஜெர்மன் பேசி வேலை பார்த்தவர். மறதி நோய் வந்ததும் முதலில் போனது அந்த ஜெர்மன்தான். இரவு இரண்டு மணிக்கு "அன்னே, அன்னே" என்று கூப்பிடுவார். அண்ணனைக் கூப்பிடுவதாகவே என் காதுக்குப் பட்டது. தெய்ஸேயிடம் கேட்டேன். அது அம்மா என்றார். அன்னை. டீ டம்ளரை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். அதற்கப்புறம் தண்ணீருக்கு 'சூ', வலிக்கு 'ஆரு' என்று பத்து வார்த்தை எழுதிக் கொடுத்தார். அந்தத் தாள் இப்போதும் என் யூனிஃபார்ம் பையில் இருக்கிறது.

கால்பந்து நாட்களில் இந்தக் கடை வேறு கடை. சத்தம் பிடிக்காதவர்கள் அன்றைக்கு வராதீர்கள். 2024 ஐரோப்பியக் கோப்பை ஜெர்மனியில் நடந்தபோது கண்ணாடிக் கதவில் ஜெர்மன் கொடியும் துருக்கிக் கொடியும் ஒரே அளவில், ஒரே உயரத்தில் தொங்கின. ஜெர்மனிக்குக் கேப்டன் இல்கய் குண்டோகன், கெல்சன்கிர்ஷனில் பிறந்தவர். துருக்கிக்குக் கேப்டன் ஹகான் சால்ஹனோலு, மன்ஹைமில் பிறந்தவர். இரண்டு பேருமே துருக்கியிலிருந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகள். ஜூலை 5 வெள்ளிக்கிழமை ஜெர்மனி ஸ்பெயினிடம் 119ஆவது நிமிடத்தில் கோல் வாங்கி 2-1 என்று தோற்றது. பேத்தி ஜெர்மன் சட்டையில் அழுதாள். மறுநாள் துருக்கிச் சட்டையோடு வந்தாள். துருக்கி முதலில் கோல் போட்டுவிட்டு, நெதர்லாந்திடம் அதே 2-1 கணக்கில் தோற்றது. மறுபடி அழுகை. இரண்டு அழுகையில் எது நிஜம் என்று யாரும் அவளைக் கேட்கவில்லை. திங்கட்கிழமை நான் போனபோது இரண்டு கொடியும் அங்கேயே இருந்தன.

இதற்காகக் கடையில் எல்லாம் ஒற்றுமை என்று நான் சொன்னால் அது பொய். சுவரில் ஒரு இடம் வெளிறிப்போய் இருக்கிறது. துருக்கிக் குடும்பத்தில் பிறந்த ஜெர்மன் ஆட்டக்காரர் மெசூட் ஓசில் 2014 உலகக் கோப்பையைத் தூக்கிய படம் அங்கே மாட்டியிருந்ததாம். 2018 மே மாதம் லண்டனில் அவரும் குண்டோகனும் துருக்கி அதிபர் எர்டோகனோடு படம் எடுத்துக்கொண்டார்கள். அந்த வருஷ உலகக் கோப்பையில் ஜெர்மனி முதல் சுற்றிலேயே வெளியேற, பழி அந்தப் படத்தின் மேல் விழுந்தது. ஜெயித்தால் நான் ஜெர்மன்காரன், தோற்றால் வந்தேறி என்று எழுதிவிட்டு ஜூலையில் ஓசில் அணியை விட்டுப் போனார். கடையில் ஒரு பக்கம் படத்தை எடு என்றார்களாம், இன்னொரு பக்கம் எடுத்தால் வர மாட்டோம் என்றார்களாம். சண்டை தாங்காமல் கடைக்காரர் கழற்றிவிட்டார். அவர் செய்தது சரியா என்று எனக்கு இன்றைக்கும் தீர்மானம் வரவில்லை. அந்தச் சுவரில் வேறு எதையும் அவர் மாட்டவில்லை.

அதைவிடக் கனமான ஒன்று 2024 கோப்பையில் துருக்கி-ஆஸ்திரியா ஆட்டத்தன்று நடந்தது. இரண்டு கோல் போட்ட மெரிஹ் தெமிரால் விரல்களை ஓநாய்த் தலை மாதிரி மடக்கிக் காட்டினார். 'சாம்பல் ஓநாய்கள்' என்ற துருக்கித் தீவிர தேசியவாதிகளின் அடையாளம் அது. அவருக்கு இரண்டு ஆட்டத் தடை விதித்தார்கள். அந்த ராத்திரி வாசலில் நாலைந்து பையன்கள் அதே விரலைக் காட்டிக் கத்தினார்கள். இந்தக் கடையில் மெனெமென் போடுகிறவர் துருக்கியின் தியார்பக்கிரிலிருந்து வந்த குர்து, அந்த ஓநாய்க்காரர்களுக்கு ஆகாத சிறுபான்மை இனம். அவர் சமையலறையை விட்டு வெளியே வரவில்லை. தெய்ஸே டிவியை அணைத்தார். கடைக்காரர் வெளியே போய், "என் வாசலில் இது வேண்டாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தார். துருக்கிக் கடை என்று நான் சொல்கிற இடத்திலேயே எல்லாருக்கும் ஒரே துருக்கி இல்லை என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

நான் ஏன் இவ்வளவும் கவனிக்கிறேன் என்றால், என் மேசையிலும் ஒரு குடியுரிமை விண்ணப்பம் இருக்கிறது. அந்தக் கோப்பை நடந்துகொண்டிருந்தபோதே, 2024 ஜூன் 27 அன்று, ஜெர்மனி புதிய குடியுரிமைச் சட்டத்தை அமலுக்குக் கொண்டுவந்தது. விண்ணப்பிக்க எட்டு வருஷம் இங்கே இருந்திருக்க வேண்டும் என்றிருந்தது ஐந்தானது. பழைய பாஸ்போர்ட்டை விட வேண்டியதில்லை. வயதான விருந்தாளித் தொழிலாளிகளுக்கு எழுத்துத் தேர்வு இல்லை, அன்றாடப் பேச்சு வந்தால் போதும். தெய்ஸே விண்ணப்பம் போட்டு வாங்கியும்விட்டார். எழுபத்தைந்து வயதில் முதல் தடவையாக ஜெர்மன் தேர்தலில் ஓட்டுப் போட முடியும் என்று எல்லா மேசைக்கும் பக்லாவா இனிப்புக் கொடுத்தார்.

எனக்கு அப்படி இல்லை. ஜெர்மனி விடச் சொல்லாவிட்டாலும் இந்தியா விடாது. வேறு நாட்டுக் குடியுரிமையை நாமாக வாங்கினால் இந்தியக் குடியுரிமை போய்விடும், 1955ஆம் வருஷக் குடியுரிமைச் சட்டத்தின் 9ஆவது பிரிவிலேயே அது இருக்கிறது. முன்னாள் இந்தியர்களுக்கான ஓ.சி.ஐ. அட்டை கிடைக்கும். ஆயுசுக்கும் விசா, ஆனால் ஓட்டு இல்லை, விவசாய நிலம் வாங்க முடியாது. அப்பாவின் ஒன்றரை ஏக்கர் வாரிசாக எனக்கு வரலாம். பக்கத்து வயல் விலைக்கு வந்தால் நான் வாங்க முடியாது. இதைச் சொன்னபோது கடைக்காரர் பர்ஸிலிருந்து நீல அட்டையை எடுத்து என் முன்னால் வைத்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எனக்கு வரப்போகும் அட்டை மாதிரியே இருந்தது.

ஓட்டு விஷயம்தான் எனக்கு அதிகம் உறுத்துகிறது. இங்கே ஓட்டு இல்லை. இந்தியாவில் ஓட்டுப் போட நேரில் போக வேண்டும். 2024 ஏப்ரல் 19 அன்று தமிழ்நாடு ஓட்டுப் போட்டபோது நான் வார்டில் ஒருவருக்குக் கட்டு மாற்றிக்கொண்டிருந்தேன். வேலை இடத்தில் ஒருவர், "பாஸ்போர்ட் வாங்கிட்டா நீ யார் பக்கம்?" என்று கேட்டார். நல்ல மனுஷர்தான், சும்மா கேட்டது. எனக்கு ஒரு வாரம் ஆறவில்லை. யாழ்ப்பாணத்து அண்ணனிடம் சொன்னேன். அவர் டீயைக் கீழே வைத்தார். "எனக்கு விடுறதுக்கு ஒண்டும் இருக்கேல்லை, தங்கச்சி. துரத்தின நாட்டின்ர பாஸ்போர்ட்டில என்ன கிடக்கு? ஆனா முரளி இலங்கைக்குப் பந்து போட்ட காலத்தில டிவிக்கு முன்னால இருந்து எழும்ப மாட்டன். வெண்டாலும் ஒரு மாதிரி இருக்கும், தோத்தாலும் ஒரு மாதிரி இருக்கும்."

குடியுரிமைத் தேர்வுக்குப் பேத்திதான் எனக்குச் சொல்லிக் கொடுத்தாள். 310 கேள்வியில் 33 வரும், 17 சரியாக இருந்தால் தேர்ச்சி, கட்டணம் 25 யூரோ. காலைக் கூட்டம் குறைந்ததும் எதிரில் உட்கார்ந்து கேள்வி கேட்பாள், தப்பாகச் சொன்னால் சர்க்கரைக் கட்டியை என் தட்டிலிருந்து எடுத்துவிடுவாள். தேறிவிட்டேன். விண்ணப்பத்தை இன்னும் அனுப்பவில்லை. அப்பாவிடம் ஒரு தடவை நேரில் பேச வேண்டும்.

சரி, வழி. கொட்புஸர் தோர் ஸ்டேஷனில் இறங்கி ஒரானியன் தெருப் பக்கம் ஐந்து நிமிடம் நடங்கள். காலை ஆறு மணிக்கே திறந்துவிடுவார்கள். கார்டு வாங்க மாட்டார்கள், சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். ஜன்னலோர இரண்டாவது மேசையில் காலை வெயில் விழும். கல்லாவில் வெள்ளை முக்காடு போட்ட அம்மா இருந்தால் 'தெய்ஸே' என்று கூப்பிட்டு டீ கேளுங்கள். எந்த ஊர் என்று கேட்பார். எந்த ஊரைச் சொல்வது என்று யோசித்தால் பரவாயில்லை, அவர் காத்திருப்பார். டீ அதற்குள் வந்துவிடும்.