மெய்டனா பிகினிங் ஹவரா: ஹாரர் டெமோல எத வெச்சுக்கறது, எத தூக்கறது

பிஎஸ்5 கன்சோல்ல இடம் பத்தல, ரெசிடென்ட் ஈவில்ங்கற ஹாரர் கேம் வரிசையோட ரெண்டு டெமோல (கேம் வாங்கறதுக்கு முன்னாடி ஆடிப் பாக்க குடுக்கற சாம்பிள்) ஒண்ணு போயாகணும்னு வந்தப்ப நான் மெய்டன டெலீட் பண்ணிட்டு பிகினிங் ஹவர வெச்சுக்கிட்டேன். புதுசு போய் பழசு நிக்குதான்னு ரெண்டு மூணு பேர் கேட்டாச்சு, ஒவ்வொருத்தர்கிட்டயும் தனித்தனியா கதை சொல்றதுக்கு ஒரேடியா எழுதிடறேன்.

தெரியாதவங்களுக்காக சுருக்கமா. பிகினிங் ஹவர் ரெசிடென்ட் ஈவில் 7க்கு முன்னாடி 2016 ஜூன்ல இ3ங்கற கேம் கண்காட்சி சமயத்துல பிஎஸ்4ல வந்தது. மெய்டன் ரெசிடென்ட் ஈவில் வில்லேஜுக்கு முன்னாடி 2021 ஜனவரில வந்தது, பிஎஸ்5க்கு மட்டும். ரெண்டும் கேப்காம் செஞ்சது, ரெண்டும் ஆர்இ என்ஜின்ங்கற அவங்களோட சொந்த கேம் சாஃப்ட்வேர்ல ஓடுது, ரெண்டும் ஃப்ரீ. முக்கியமா ரெண்டுமே முழு கேம்ல இருந்து ஒரு துண்ட வெட்டி குடுத்தது இல்ல, டெமோவுக்குன்னே தனியா செஞ்சது. அதனாலதான் இதுங்கள பக்கத்துல பக்கத்துல வெச்சு பாக்க முடியுது.

கிராஃபிக்ஸ்ல எது பெட்டர்னு கேட்டா மெய்டன்தான், அதுல பேசறதுக்கே ஒண்ணும் இல்ல, ஒரு தலைமுறை கன்சோல் வித்தியாசம். ரே ட்ரேசிங் (வெளிச்சம் நிஜத்துல எப்படி தெறிக்குமோ அப்படி கணக்கு போட்டு காட்டறது), 4கே, ஈரமான கல்லு சுவத்துல வெளிச்சம் வழுக்கற அழகு, அப்புறம் அந்த மாளிகை ஹாலுக்குள்ள நுழையற இடம், எல்லாம் வாயப் பொளந்து பாத்தேன். கேப்காமே இத விஷுவல் ஷோகேஸ்னு சொல்லித்தான் விட்டாங்க, சண்டை கிடையாதுன்னும் முன்னாடியே சொல்லிட்டாங்க. சொன்னத செஞ்சிருக்காங்க, குறை சொல்ல முடியாது.

ஆனா டெமோல பாக்கற கிராஃபிக்ஸ எவ்வளவு தூரம் நம்பலாம்ங்கறது வேற கேள்வி. ஹாரர் டெமோன்னாலே பெரும்பாலும் ஒரு வீடு, இல்ல ஒரு காரிடார், இல்ல ஒரு பாதாள அறை. கூட்டம் இல்ல, தூரத்துல மலை இல்ல, ஒரே நேரத்துல ஸ்க்ரீன்ல ரெண்டு கேரக்டருக்கு மேல அபூர்வம். கன்சோலுக்கு இருக்கற மொத்த சக்தியையும் நாலு சுவத்துலயும் ஒரு பல்பு வெளிச்சத்துலயும் கொட்டலாம், அப்ப எந்த என்ஜினும் அழகாத்தான் தெரியும். 2014 ஆகஸ்ட்ல வந்த பி.டி.ங்கற ஹாரர் டெமோ நிஜ ஃபோட்டோ மாதிரி இருந்துச்சுன்னு இன்னிக்கும் பேசறோம்ல, அதுவும் எல் ஷேப்ல மடங்கற ஒரே ஒரு காரிடார்தான், எங்க நின்னாலும் பாதிதான் கண்ணுல படும். அதனால மெய்டனோட பாதாள அறைய பாத்துட்டு வில்லேஜ் முழுக்க இப்படித்தான் இருக்கும்னு முடிவு பண்றதுல அர்த்தம் இல்ல. பனி, கிராமம், திறந்த வெளி எல்லாம் வர்றப்ப என்ன ஆகும்னு அந்த டெமோ ஒரு வார்த்தை சொல்லாது. வில்லேஜ் மோசம்னு சொல்ல வரல, நல்லாவே இருந்துச்சு, ஆனா அத மெய்டன் எனக்கு காட்டல.

பிசில ஆடறவங்களுக்கு இன்னொண்ணு. மெய்டன் பிசிக்கு வரவே இல்ல, அதனால உங்க மெஷின்ல கேம் எப்படி ஓடும்னு அத வெச்சு டெஸ்ட் பண்ண வழியே இல்ல. பிகினிங் ஹவர் 2016 டிசம்பர்ல ஸ்டீம்ங்கற பிசி கேம் ஸ்டோருக்கு வந்துடுச்சு. இந்த விஷயத்துல ரெண்டையும் விட ரெசிடென்ட் ஈவில் 4 ரீமேக்கோட செயின்சா டெமோ (2023 மார்ச்) உருப்படி. ஆப்ஷன்ஸ்ல டெக்ஸ்சர (பொருள்கள் மேல தெரியற மேற்பரப்பு விவரம்) ஏத்த ஏத்த பக்கத்துல கிராஃபிக்ஸ் மெமரி மீட்டர் ஏறிட்டே போய் செவக்கும் பாருங்க, அது ஒண்ணு போதும், நம்ம கார்டுக்கு எது தாங்கும்னு காசு குடுக்கறதுக்கு முன்னாடியே தெரிஞ்சிடும். கிராஃபிக்ஸ் செக் பண்ணத்தான் டெமோ வேணும்னா அதுக்கே போயிடுங்க, மீதிய படிக்க வேண்டாம்.

இப்ப என் முடிவுக்கு காரணமான விஷயம். ரெண்டாவது தடவ ஆடறப்ப அந்த டெமோல என்ன மிச்சம் இருக்கு? எனக்கு அது ஒண்ணுதான் கணக்கு.

மெய்டன முடிக்க அரை மணி நேரம் கூட ஆகாது. பாதாள அறைல கண்ணு முழிக்கறோம், சந்து பொந்தெல்லாம் தாண்டி மேல வர்றோம், ஹால பாக்கறோம், கடைசில வில்லேஜோட வில்லியான அந்த உயரமான அம்மாவ பாக்கறோம், கதை முடிஞ்சுது. முதல் தடவ நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கிச்சு, நிஜமாவே. ரெண்டாவது தடவ போனா எந்த கதவு எப்ப திறக்கும்னு தெரியும், எந்த சத்தம் எங்க வரும்னு தெரியும், அப்புறம் அது ஒரு மியூசியம் டூர்தான். ஒளிஞ்சு கிடக்கறது ஏதாவது இருக்கும்னு மூலை முடுக்கெல்லாம் தேடினேன், எனக்கு சொல்லிக்கற மாதிரி ஒண்ணும் சிக்கல.

பிகினிங் ஹவர் அப்படியே நேர் எதிர். முதல் தடவ ஆடினா ஒரு பாழடைஞ்ச வீடு, ஒரு விஎச்எஸ் டேப், பின்கதவு சாவி, கதவத் திறந்தா மூஞ்சில ஒரு குத்து, அவ்வளவுதான், இதுக்கா இவ்வளவு பில்டப்னு தோணும். ஆனா உள்ள ஒரு சின்ன விஷயம் ஒளிச்சு வெச்சிருக்காங்க. கிச்சன்ல ஒரு டிராயர் பூட்டியிருக்கும், நம்மகிட்ட அதத் திறக்க ஒண்ணும் இருக்காது. டேப்ப போட்டா அதே வீட்டுக்குள்ள முன்னாடி ஒரு டிவி குழு வந்துட்டு போனது ஓடும், அதுல கேமராமேனா நம்மளே நடக்கலாம். அந்த டேப்புக்குள்ள ஒரு லாக்பிக் கிடக்கும். அத எடுத்து, டேப்புக்குள்ளயே அந்த டிராயர திறந்து பாத்தா காலி. சே வேஸ்ட்னு நினைச்சுட்டு டேப் முடிஞ்சு வெளிய வந்து அதே டிராயர இழுத்துப் பாருங்க, இப்ப பூட்டு இல்ல, உள்ள ஒரு கோடாரி! பழைய டேப்ல நாம பண்ணது இப்ப இருக்கற வீட்ட மாத்தியிருக்கு, இத ஒரு வரி கூட கேம் நமக்கு சொல்லாது. அந்த கோடாரிய வெச்சு முதல் வெர்ஷன்ல பெருசா ஒண்ணும் கிழிக்க முடியலங்கறது வேற விஷயம், ஆனா அது கைக்கு வந்த நிமிஷத்துல இருந்து வீட்டுல இருக்கற ஒவ்வொரு பொருள் மேலயும் சந்தேகம் வந்துடுச்சு.

சந்தேகம் வந்ததுக்கு அப்புறம்தான் நான் அந்த வீட்டையே ஒழுங்கா பாத்தேன். முதல் தடவ பயத்துல ஓடறப்ப யாரு டெக்ஸ்சர பாக்கறா? நிஜப் பொருள்கள நூத்துக்கணக்குல ஃபோட்டோ எடுத்து அதுல இருந்து 3டி மாடல் செய்யற ஃபோட்டோகிராமெட்ரிதான் ரெசிடென்ட் ஈவில் 7ல பண்ணியிருக்காங்க. அதோட பலன் எனக்கு தெரிஞ்சதே ரகசியம் தேடறேன்னு ஒவ்வொரு பாத்திரத்துகிட்டயும் மூஞ்சிய கொண்டு போய் வெச்சு பாத்தப்பதான். சுவத்துல உரிஞ்ச பேப்பர், பாத்திரத்துல ஒட்டின அழுக்கு, ஒரு தடவ பாத்த பொம்மைங்க திரும்பி வர்றதுக்குள்ள வேற பக்கம் பாத்துட்டு நிக்கறது, எல்லாம். மெய்டன்ல இதவிட நல்ல டெக்ஸ்சர் இருக்கு, ஆனா கிட்டப் போய் பாக்கறதுக்கு எனக்கு ஒரு காரணம் அது குடுக்கல. அதனால கிராஃபிக்ஸா ரகசியமான்னு கேக்கறதே கொஞ்சம் தப்புன்னு எனக்கு தோணுது, ரகசியம் இருந்தாத்தான் கிராஃபிக்ஸே முழுசா கண்ணுல படுது.

அடுத்தது அந்த பொம்மை விரல். பிகினிங் ஹவர்ல ஜூன் மாசத்துலயே ஒரு பொம்மையோட விரல் கிடைச்சுது. எதுக்குன்னு யாருக்கும் தெரியாது. ஃபோன்கிட்ட கொண்டு போய் பாத்தாங்க, பொம்மைங்ககிட்ட காட்டிப் பாத்தாங்க, விளக்க அணைச்சு ஏத்தி பாத்தாங்க, ஆளாளுக்கு ஒரு தியரி. உண்மை என்னன்னா அப்ப அதுக்கு பதிலே டெமோக்குள்ள இல்ல! செப்டம்பர்ல ட்விலைட்னு ஒரு அப்டேட் வந்து புது அறைகள் திறந்துச்சு, டிசம்பர்ல மிட்நைட்னு இன்னொண்ணு வந்து பேஸ்மென்ட் திறந்துச்சு, துப்பாக்கி வந்துச்சு, கரும்பிசாசு மாதிரி ஒண்ணு வந்துச்சு, அப்பதான் அந்த விரலுக்கும் வேலை வந்துச்சு. ஆறு மாசம் ஒரு ஃப்ரீ டெமோவ அன்இன்ஸ்டால் பண்ண விடாம வெச்சிருந்தாங்க. சில பேருக்கு இது ஏமாத்து வேலையா பட்டுச்சு, பதிலே இல்லாத புதிர போட்டா எப்படின்னு. நியாயமான கோவம்தான், ஆனா எனக்கு பிடிச்சிருந்துச்சு.

இதுல ஒரு விஷயம் நேர்மையா சொல்லணும். இன்னிக்கு புதுசா டவுன்லோட் பண்றவங்களுக்கு நேரா மிட்நைட் வெர்ஷன்தான் வரும், நெட்ல தேடினா விரலுக்கு விடை ரெண்டு நிமிஷத்துல கிடைச்சிடும், அதனால நான் அனுபவிச்ச அந்த காத்திருப்பு உங்களுக்கு கிடைக்காது. டிராயர் கோடாரி மாதிரி சமாச்சாரம் மட்டும் அப்படியே இருக்கு, வீடியோ பாக்காம போனா. விஆர்ல (தலைல மாட்டிக்கற ஹெட்செட்) நான் ரெசிடென்ட் ஈவில் 7 ஆடினது இல்ல, அதப்பத்தி பேச மாட்டேன். பி.டி.யும் நான் கையால ஆடல, வீடியோல பாத்ததுதான். 2015 ஏப்ரல் கடைசில ஸ்டோர்ல இருந்து தூக்கிட்டாங்க, ஏற்கனவே மெஷின்ல வெச்சிருந்தவங்க பாக்கியசாலிங்க.

ஆடலன்னாலும் பி.டி.ய விட்டுட்டு இத முடிக்க முடியாது. யாருமே கேள்விப்படாத ஒரு ஸ்டுடியோ பேர போட்டு விட்டாங்க, கடைசி புதிர உடைச்சா கேம் டைரக்டர் ஹிடியோ கோஜிமா, சினிமா டைரக்டர் கில்யெர்மோ டெல் டோரோன்னு பேர் வந்து இது சைலன்ட் ஹில்ஸ்ங்கற கேமுக்கான டீசர்னு தெரியுது. அதாவது விளம்பரமே ரகசியத்துக்குள்ள இருந்துச்சு. அத மிஞ்சினது 2019ல வந்துச்சு. ஒரு மாடர் (கேமோட உள்ள புகுந்து மாத்திப் பாக்கற ஆள்) கேமராவ ஹேக் பண்ணி பாத்தா, நாம டார்ச் எடுத்த நிமிஷத்துல இருந்து லிசாங்கற அந்த பேய் நம்ம முதுகுக்கு பின்னாடியே ஒட்டிக்கிட்டு கூடவே நடந்துட்டு இருக்கு. அஞ்சு வருஷமா! சில நேரம் சுவத்துல விழற நிழல் யாரோடதுன்னு அப்பதான் புரிஞ்சுது. எவ்வளவு ரே ட்ரேசிங் போட்டாலும் இந்த பயத்த வாங்க முடியாது.

மத்த டெமோங்கள பத்தி சும்மா ரெண்டு வரி. ரெசிடென்ட் ஈவில் 2 ரீமேக்கோட ஒன்-ஷாட் (2019 ஜனவரி) முப்பது நிமிஷ டைமர் வெச்சது. டைமர் ஓடறப்ப எவனும் மூலைய நோண்ட மாட்டான், ரகசியம் தேடற ஆளுக்கு அது எமன், ஆனா கேம் விக்கறதுக்கு செம ஐடியா. ரெசிடென்ட் ஈவில் 3 டெமோல மிஸ்டர் சார்லி பொம்மை இருபது ஒளிச்சு வெச்சாங்க, எண்ணி எண்ணி உடைக்கறது, அது கலெக்‌ஷன், ரகசியம்னு நான் ஒத்துக்க மாட்டேன். செயின்சா டெமோல டைமர் இல்ல, ஒளிச்சு வெச்ச ஒரு டிஎம்பி துப்பாக்கி இருந்துச்சு, திரும்பத் திரும்ப ஆரம்பிச்சா அதிர்ஷ்டம் இருந்தா மேட் செயின்சா மோட்னு வெறி புடிச்ச ஒண்ணு எட்டிப் பாக்கும். கிராஃபிக்ஸும் சரி ரகசியமும் சரின்னு நடுவுல நிக்கணும்னா அதுதான், இடம் இருந்திருந்தா அதையும் வெச்சிருப்பேன்.

மெய்டன் யாருக்கு சரின்னா, புது டிவி வாங்கி எச்டிஆர் (வெளிச்சத்தையும் இருட்டையும் கூடுதல் வித்தியாசத்தோட காட்டறது) எப்படி இருக்குன்னு பாக்கணும், வீட்டுக்கு வர்றவங்களுக்கு பிஎஸ்5 என்ன பண்ணும்னு அரை மணி நேரத்துல காட்டணும்னா தாராளமா. சண்டை இல்லாததால கேமே ஆடாதவங்க கையில கூட கன்ட்ரோலர குடுக்கலாம். ப்ரைட்னஸ் மட்டும் கேம் சொல்றபடி செட் பண்ணுங்க, இருட்டு தெரியலன்னு ஏத்தி வெச்சா கருப்பெல்லாம் சாம்பலாகி மொத்த வேலையும் வீணாப் போயிடும்.

பிகினிங் ஹவர் ஆடப்போறவங்க ரெசிடென்ட் ஈவில் 7 முழு கேம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே டெமோவ முடிச்சிடுங்க. மிட்நைட் வெர்ஷன்ல விரல் சமாச்சாரத்த கடைசி வரைக்கும் கொண்டு போனா ஒரு அழுக்கு காசு கிடைக்கும், டெமோ சேவ் அதே மெஷின்ல இருந்தா அது முழு கேமுக்கும் வந்துடும். பேஸ்மென்ட்ல அடி வாங்காம வெளிய வரணும், வாங்கினா முடிவே மாறிடும். பின்கதவு சாவிய கைல கிடைச்ச உடனே போட்றாதீங்க, முதல்ல டேப்ப பொறுமையா பாருங்க.