கரண்ட் போய் வந்த பிறகு எது தானாக எழுந்திருக்கும்? விண்டோஸில் க்யூமுலஸ் எம்எக்ஸா, லினக்ஸில் வீவெக்ஸா?

மொட்டை மாடியில் வானிலை மானி வைத்திருப்பவர்களிடம் அதன் அளவுகளைக் கணினியில் பதிய எந்த மென்பொருள் தேவலை என்று கேட்டால், வரைபடம் பளிச்சென்று இருக்கிறதா, போனில் பார்க்க முடியுமா என்றுதான் பேச்சு போகும். அதெல்லாம் அப்புறம். தண்டையார்பேட்டையில் இருக்கிற எனக்குக் கேள்வி ஒன்றே ஒன்று. மழை கொட்டுகிற ராத்திரியில் கரண்ட் போய் விடிகாலையில் வந்தால், யாரும் கை வைக்காமல் கணினி எழுந்து, சரியான நேரத்தோடு, விட்ட இடத்திலிருந்து பதிவைத் தொடருமா? நமக்கு முக்கியமான மழையெல்லாம் கரண்ட் இல்லாத நேரத்தில்தானே பெய்கிறது.

க்யூமுலஸ், வீவெக்ஸ் இரண்டையும் ஓட்டிப் பார்த்துவிட்டு, இப்போது பழைய லேப்டாப் ஒன்றில் டெபியன் லினக்ஸ் போட்டு வீவெக்ஸோடு நின்றுவிட்டேன். மானி டேவிஸ் வான்டேஜ் வியூ, அதன் கன்சோலில் (வீட்டுக்குள் அளவுகளைக் காட்டும் பெட்டி) லாகர் (கணினி அணைந்திருந்தாலும் பதிவுகளைச் சேர்த்துவைப்பது) செருகி யூஎஸ்பி வழியாக. இரண்டு மென்பொருளுமே காசு கேட்காதவை. க்யூமுலஸ் எம்எக்ஸ் விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடும். வீவெக்ஸ் பைத்தானில் எழுதியது, விண்டோஸில் நேரடியாக ஓடாது. வெப்பம், காற்று, மழை என்று அளவுகளைக் காட்டுவதில் பெரிய வித்தியாசம் கிடையாது.

விண்டோஸில் க்யூமுலஸுக்குச் சேரவேண்டிய மரியாதையை முதலில் கொடுத்துவிடலாம். அமைப்பு எல்லாம் பிரௌசரிலேயே, 8998 போர்ட்டில் திறந்தால் போதும், கோப்பைத் திறந்து எழுத்து எழுத்தாக மாற்ற வேண்டியதில்லை. பழுது வந்தால் எம்எக்ஸ்டயக்ஸ் என்ற ஃபோல்டரில் லாக் கோப்புகள் இருக்கும், கடைசிக் கோப்பின் அடியிலிருந்து மேலே படித்தால் எங்கே நின்றது என்று தெரிந்துவிடும். இன்னொன்று, நம்மூர் ஆட்களுக்கு ரொம்ப வசதி: வானிலைத் துறையின் மழைநாள் காலை 8:30 முதல் மறுநாள் 8:30 வரை. க்யூமுலஸில் நாள் மாறும் நேரத்தை நள்ளிரவுக்குப் பதில் காலை 9 என்று வைக்கலாம், நுங்கம்பாக்கம் வானிலை மையத்தின் கணக்கோடு ஓரளவு ஒட்டி வரும். வீவெக்ஸில் நாள் என்றால் நள்ளிரவு முதல் நள்ளிரவு வரைதான். 8:30 கணக்கு வேண்டுமானால் தரவுத்தளத்திலிருந்து நாமே கூட்டிக்கொள்ள வேண்டும்.

விண்டோஸில் தொல்லை தருவது பெரும்பாலும் மென்பொருள் அல்ல, அடியில் இருக்கிற இயங்குதளம். மின்சாரம் மிச்சப்படுத்துகிறேன் என்று அது யூஎஸ்பி போர்ட்டைத் தூங்கவைக்கும், வேறு துளையில் செருகினால் விண்டோஸ் அந்த இணைப்புக்குத் தரும் காம் எண் மாறலாம், அப்டேட் வந்தால் ரீஸ்டார்ட் ஆகி லாகின் திரையில் உட்கார்ந்திருக்கும். எல்லாவற்றுக்கும் மருந்து உண்டு. பவர் அமைப்பில் யூஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்டை அணைக்க வேண்டும், டிவைஸ் மேனேஜரில் காம் எண்ணைப் பார்த்து க்யூமுலஸில் அதையே கொடுக்க வேண்டும், க்யூமுலஸை சர்வீஸாக (பின்னணியில் தானே தொடங்கும் நிரலாக) நிறுவினால் லாகினுக்குக் காத்திருக்காது. இத்தனையும் செய்தால் ஒழுங்காகவே ஓடும். ஆனால் விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபரில் முடிந்துவிட்டது, வீட்டில் சும்மா கிடக்கும் பழைய கணினிகள் பலவற்றில் 11 ஏறாது. மானிக்கென்று புதுக் கணினி வாங்க யாருக்கு மனசு வரும்?

லினக்ஸிலும் போர்ட் பெயர் குழப்பம் உண்டு. கழற்றிச் செருகினால் யூஎஸ்பி 0 என்றிருந்தது 1 ஆகிவிடும். சாதனத்தின் அடையாள எண்ணை வைத்து இருக்கும் நிலையான பெயரை வீவெக்ஸ் அமைப்பில் எழுதிவிட்டால் அந்தத் தலைவலி தீர்ந்தது. டேவிஸ் லாகரின் யூஎஸ்பி சிப்புக்கு டிரைவர் லினக்ஸின் கருவான கெர்னலிலேயே இருக்கிறது. லாக் பார்க்க ஒரே கட்டளை, வீவெக்ஸ் சொன்ன வரிகள் மட்டும் வரும். கூடவே 'லூப் ஆன் இனிட்' என்பதை 1 ஆக்கிவிடுங்கள், கன்சோல் உடனே பதில் சொல்லாவிட்டாலும் விடாமல் முயன்றுகொண்டிருக்கும்.

இப்போது உண்மையான வில்லன்: கடிகாரம். லினக்ஸ் ஓடும் சின்னக் கணினிப் பலகையான ராஸ்பெர்ரி பையில், 4 வரையிலான பலகைகளில் கரண்ட் இல்லாமலும் ஓடுகிற கடிகாரம் கிடையாது. கரண்ட் வந்ததும் பை எழுந்துவிடும், ஆனால் கடைசியாகக் குறித்துவைத்த நேரத்தைத்தான் இப்போதைய நேரம் என்று நம்பும். இன்டர்நெட் வந்தால்தான் தெளியும், நம் பக்கம் கரண்ட் வந்து பிராட்பேண்ட் வருவதற்குள் காபி குடித்து டிபனும் முடித்துவிடலாம். இதற்கு நடுவில் வீவெக்ஸ் தொடங்கினால் என்ன ஆகும்? கணினியின் நேரத்தைப் பார்த்து கன்சோலின் கடிகாரத்தைத் திருத்தும் வேலையையும் அது செய்யும். கன்சோல் பேட்டரியில் ஓடி சரியான நேரம் காட்டிக்கொண்டிருந்திருக்கும், பை போய் அதையும் பின்னுக்குத் தள்ளிவிடும். ராத்திரி பெய்த மழைக்கு மேலேயே காலை மழை வந்து உட்காரும். கணினியின் தேதி அமைப்புக் கோப்பைவிடப் பழையதாக இருந்தால் வீவெக்ஸ் தொடங்காமல் காத்திருக்கும், அந்தக் காவல் உண்டு. ஆனால் சில மணி நேரப் பிசகு அந்த வலையில் மாட்டாது.

வழி இரண்டு. ரிச்சி தெருவில் கிடைக்கிற டிஎஸ்3231 கடிகாரப் பலகை ஒன்றை வாங்கிச் செருகலாம் (பை 5இல் கடிகாரம் உள்ளேயே இருக்கிறது, பேட்டரி மட்டும் தனியாக வாங்க வேண்டும்). அல்லது நேரம் ஒத்திசையும்வரை காத்திருக்கும் சிஸ்டம்டி (லினக்ஸில் நிரல்களைத் தொடங்கிவைப்பது) சேவையை இயக்கி வைக்கலாம். அதுவரை வீவெக்ஸ் தொடங்காது, லாகர் பார்த்துக்கொள்ளும். கரண்ட் திடீரென்று போனால் மெமரி கார்டு கெடும் என்ற பயம் பையில் தனியாக உண்டு. பழைய லேப்டாப் பக்கம் நான் சாய்ந்தது இந்த இரண்டுக்காகவும்தான். கடிகாரம் உள்ளேயே இருக்கிறது, பேட்டரி பாதி செத்திருந்தாலும் சின்னச் சின்ன வெட்டுகளைத் தாங்கிவிடுகிறது. குறை இல்லாமல் இல்லை. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மாதிரி நாள்கணக்கில் கரண்ட் இல்லாவிட்டால் பேட்டரி தீர்ந்து அணைந்துவிடும், திரும்ப எழ பெரும்பாலும் யாராவது பட்டனை அழுத்த வேண்டும். பை அந்த இடத்தில் ஜெயித்துவிடும். டெஸ்க்டாப்பில் பயோஸுக்குள் (இயங்குதளத்துக்கு முன்னால் வரும் அடிப்படை அமைப்புத் திரை) போய், கரண்ட் வந்ததும் தானே எழு என்று வைத்துவிடலாம்.

ஒரே லேப்டாப்பில் விண்டோஸும் லினக்ஸும் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பதிவுகள் சரியாக ஐந்தரை மணி நேரம் தள்ளி விழுந்தால் மானியைச் சந்தேகப்படாதீர்கள். விண்டோஸ் உள்கடிகாரத்தில் இந்திய நேரத்தை எழுதும், லினக்ஸ் அதை உலக நேரமாகப் படிக்கும். இரண்டில் ஒன்றை மற்றதற்கு ஒத்துப்போக வைத்தால் சரியாகிவிடும்.

மேக்கை ஒரு நண்பர் வீட்டில் பார்த்ததோடு சரி, அதனால் என் பேச்சைக் கொஞ்சம் தள்ளுபடி செய்தே எடுத்துக்கொள்ளுங்கள். வீவெக்ஸ் அங்கே நன்றாகவே ஓடுகிறது. தூங்கப் போகாமல் பார்த்துக்கொள்வதுதான் வேலை.

தப்பான பதிவைத் திருத்துவதில் க்யூமுலஸ் சுலபம், பிரௌசரிலேயே வரியைத் தேடி மாற்றிவிடலாம். மாடியைக் கழுவுகிறவர் மழைமானி மேல் தண்ணீர் அடித்து வெயில் நாளில் 3 மில்லிமீட்டர் விழுந்தால், வீவெக்ஸில் எஸ்க்யூலைட் தரவுத்தளக் கோப்பைத் திறந்து அந்த வரியைச் சரிசெய்து, நாள் சுருக்கத்தை மறுபடி கட்டச் சொல்ல வேண்டும். எண்ணூர், மணலி பக்கம் மழைமானியின் வாயில் தூசி அடைந்து மழை குறைவாகக் காட்டுவதற்கு மட்டும் எந்த இயங்குதளத்திலும் மருந்து இல்லை, மாடி ஏறித் துடைக்கத்தான் வேண்டும்.

டேவிஸ் வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று. லாகர் 2560 பதிவுகளை வைத்திருக்கும். 5 நிமிட இடைவெளியில் அது கிட்டத்தட்ட ஒன்பது நாள், 15 நிமிடத்தில் 26 நாள். வடகிழக்குப் பருவமழை சமயத்தில் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போவதாக இருந்தால் 15க்கு மாற்றிவிட்டுப் போவது நல்லது. ஆனால் இடைவெளியை மாற்றினால் லாகரில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும், அதனால் கணினி எல்லாவற்றையும் இறக்கிக்கொண்டுவிட்டதா என்று லாக்கில் பார்த்துவிட்டு மாற்றுங்கள்.