கொயோகானில் சாப்பிடப் போகிறீர்களா? பில்லை வரிவரியாகப் பாருங்கள்

மெக்சிகோ நகரத்தில் கொயோகான் பகுதிக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் ஓவியர் ஃப்ரீடா காலோவின் நீல வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, நல்ல பசியோடு கொயோட் நீரூற்று இருக்கும் பூங்காப் பக்கம் வருவார்கள். அந்தப் பசியை நம்பியே சில கடைகள் பிழைக்கின்றன. செப்டம்பரில் நானும் மனைவியும் போய் உட்கார்ந்தது அப்படி ஒரு கடை. சின்ன முற்றம், ஆறேழு மேசை, சுவரெல்லாம் பூப்போட்ட ஓடு, மூலையில் ஒருவர் கிட்டார் வாசித்துக்கொண்டிருந்தார். யாருக்கும் உள்ளே போகத் தோன்றும்.

உட்கார்ந்ததும் சோளச் சிப்ஸும் தொட்டுக்கொள்ள சல்சா என்கிற காரச் சட்னியும் வந்தன. அவை அங்கே பல கடைகளில் காசில்லாமல் வருபவைதான். கூடவே, சாப்பாட்டுக்கு அப்பளம் வைப்பதுபோல, கேட்காமலே ஒரு கிண்ணம் குவாகமோலேயும் (அவகாடோ மசியல்) வைத்தார் சர்வர். இரண்டு பாட்டில் தண்ணீரை மூடி திறந்தே வைத்துவிட்டுப் போனார்.

மெனு கார்டைப் புரட்ட விடவில்லை. "இப்போது சிலே என் நொகாதா சீசன், அதை விட்டுவிடாதீர்கள்" என்றார். சீசன் என்பது உண்மை. பெரிய பச்சை மிளகாய்க்குள் கறியும் பழங்களும் அடைத்து, மேலே வெள்ளை வால்நட் சாஸ், சிவப்பு மாதுளை முத்து. நாட்டுக் கொடியின் மூன்று நிறம். ஆகஸ்ட், செப்டம்பரில்தான் எங்கும் கிடைக்கும். ஆனால் அவர்கள் கார்டில் அது இல்லை. மனைவி விலை கேட்டதற்கு, "மற்ற அயிட்டம் மாதிரிதான்" என்று பதில். மற்றவை 300 பெசோவுக்குள் இருந்தன. வந்த தட்டில் வால்நட் வாசனையே இல்லை, இனிப்பு க்ரீம்தான்.

பில் இப்படி இருந்தது: நொகாதா ஒன்று 690, இரண்டுக்கு 1380. குவாகமோலே 240. தண்ணீர் 190. சூப் 280. அதன் கீழே சின்ன எழுத்தில் சர்வீஸ் 15 சதவீதம், 313.50. இதற்குமேல் கார்டு மெஷினில் 20 சதவீத டிப்ஸை அவரே அழுத்தி நீட்டினார். மனைவி சட்டென்று மெஷினை நகர்த்திவிட்டார். இல்லையென்றால் டிப்ஸ் மட்டுமே இரண்டு முறை போயிருக்கும்.

அந்த ஊர்ச் சட்டம் வாடிக்கையாளர் பக்கம்தான் இருக்கிறது. டிப்ஸ் கொடுப்பது நம் விருப்பம், பில்லில் கட்டாயமாகச் சேர்க்கக் கூடாது. கேட்காத பொருளுக்குக் காசு வாங்கக் கூடாது. காட்டும் விலை 16 சதவீத வரி உட்பட முழு விலையாக இருக்க வேண்டும். மெக்சிகோ நகரத்தில் குடிநீரை இலவசமாகவே தர வேண்டும். இதையெல்லாம் கவனிப்பது ப்ரொஃபெகோ என்கிற அரசு நுகர்வோர் அமைப்பு.

அந்தப் பெயரைச் சொன்னதும் மேனேஜர் வந்தார். சர்வீஸ் தொகையை மட்டும் பில்லிலிருந்து நீக்கினார். தண்ணீர், குவாகமோலே பற்றி "சாப்பிட்டீர்களே" என்று சிரித்தார். நொகாதா விலைக்குப் பதிலே இல்லை. இரவு நேரம், தெரியாத ஊர். 2090 பெசோ கட்டிவிட்டு வந்தோம். டிப்ஸ் வைக்கவில்லை.

போகிறவர்கள் கார்டில் இல்லாத எதற்கும் விலையை எழுதிக் காட்டச் சொல்லுங்கள். தானாக வரும் கிண்ணத்தை உடனே திருப்பி அனுப்புங்கள். மெஷினில் டாலரா பெசோவா என்று கேட்டால் பெசோவையே அழுத்துங்கள், டாலர் என்றால் மாற்று விகிதத்தில் இன்னொரு வெட்டு விழும். பில்லைப் போட்டோ எடுத்துக்கொண்டால் ப்ரொஃபெகோவில் புகார் கொடுக்க உதவும்.