38,500 ரூபாய், ஒரு வெள்ளை லென்ஸ், இரண்டு ராகு காலம்

பழைய லென்ஸ் வாங்கக் கிளம்பிக்கொண்டிருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். கோபத்தில் தட்டுகிறேன், தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன சனிக்கிழமை ஒரு லென்ஸ் வாங்கினேன். கேனான் 100-400 (ஜூம் 100 மி.மீ.-இலிருந்து 400 மி.மீ. வரை, எண் கூடக்கூடப் பறவை கிட்டே தெரியும்), பழைய மாடல், கையால் முன்னும் பின்னும் தள்ளி ஜூம் செய்வதே, அதுதான். 38,500 ரூபாய். சீட்டு எடுத்த பணம். கடைப் பெயரைச் சொல்லப்போவதில்லை. சென்னையில் பழைய கேமரா வாங்கி விற்கிற கடை, மாடியில் இருக்கிறது, அவ்வளவுதான்.

லென்ஸைக் குறை சொல்லமாட்டேன், நல்ல சாமான். 1998-இல் வந்தது. 2014-இல் இரண்டாவது மாடல் வந்த பிறகும் பறவைகளைப் படம் பிடிக்கிறவர்கள் பழையதை விடவில்லை. திடீரென்று கொக்கு கிளம்பினால் வளையத்தைச் சுற்றிக்கொண்டிருக்க வேண்டாம், ஒரே இழுப்பில் 400-க்குப் போய்விடலாம். கை நடுக்கத்தை அடக்கும் ஐஎஸ் உள்ளேயே இருக்கிறது. ஒன்றே கால் கிலோவுக்கு மேல் எடை, ஆனாலும் ஸ்டாண்ட் இல்லாமல் எடுக்கலாம். குறையும் உண்டு. அந்தக் காலத்து ஐஎஸ் என்பதால் இரண்டு ஸ்டாப்தான் தாங்கும், அதாவது ஷட்டர் வேகத்தை நாலில் ஒரு பங்கு வரைக்கும்தான் குறைக்கலாம். 400-இல் எஃப் 5.6, வெளிச்சம் உள்ளே வரும் துவாரம் சின்னது, அதனால் விடிகாலையில் திணறும். 1.8 மீட்டருக்குக் கிட்டே போனால் ஃபோகஸ் ஆகாது. இதெல்லாம் தெரிந்துதான் போனேன். தெரிந்தது போதாது என்று இப்போது தெரிகிறது.

கடைக்காரர் ஐம்பது வயதுக்காரர். போனதும் டீ வரவழைத்தார். என் போனில் இருந்த படங்களை வாங்கிப் பார்த்து, "தம்பி, இந்த நத்தைக்குத்தி நாரை வேடந்தாங்கல்ல எடுத்ததா? மரத்தைப் பாத்தாலே தெரியுது" என்றார். அங்கேயே நான் விழுந்துவிட்டேன். என்ன மரம் என்று எனக்கே தெரியாது! "நானும் பறவை ஆளுதான், உங்களுக்குப் போய் ஏமாத்துவேனா" என்று வேறு சொன்னார். அப்புறம் லென்ஸை என் கேமராவில் மாட்டி, பால்கனிக்குக் கூட்டிப்போய், எதிர்க் கட்டடத்துத் தண்ணீர்த் தொட்டியை எடுக்கச் சொன்னார். பளிச்சென்று வந்தது. வராமல் என்ன செய்யும்? மதியம் ஒரு மணி வெயில், ஷட்டர் வேகம் 1/2000 நொடி. அந்த வேகத்தில் ஐஎஸ் செத்திருந்தாலும் படம் கூர்மையாகத்தான் விழும். இது அன்றைக்கு என் மண்டையில் உறைக்கவில்லை.

"40,000. கேஷா குடுத்தா 1,500 குறைச்சுக்கறேன்." ஏடிஎம் தேடி ஓடினேன். கொடுத்தது ஒரு துண்டுச் சீட்டு, மேலே 'எஸ்டிமேட்' என்று அச்சடித்திருந்தது. 1,500 மிச்சம் என்று சந்தோஷமாகப் படி இறங்கினேன்.

ஞாயிறு விடியும் முன்பே பள்ளிக்கரணை. வெளிச்சம் வந்தும் வராத நேரம். ஷட்டரைப் பாதி அழுத்தினால் ஐஎஸ் கிர்ரென்று ஓடும், வ்யூஃபைண்டரில் படம் ஒரு நொடி மிதந்து நிற்கும், அதுதான் வழக்கம். இதில் நிற்கவே இல்லை. 250 வரை பரவாயில்லை, 400-க்கு இழுத்ததும் பூநாரை துள்ளுகிறது. நூற்றுக்கு மேல் எடுத்தேன், ஒன்று தேறவில்லை.

போன் செய்தேன். "ஸ்டாண்டுல வெச்சீங்களா? அப்ப ஐஎஸ்ஸை ஆஃப் பண்ணணும் தம்பி." உண்மைதான், ஆனால் நான் கையில் பிடித்தல்லவா எடுத்தேன். "அது ரெண்டு ஸ்டாப்புதான் தாங்கும்." அதுவும் உண்மைதான். "பறவை அசைஞ்சிருக்கும், ஐஎஸ் கை ஆட்டத்தைத்தான் நிறுத்தும், பறவையை நிறுத்துமா?" அதுவும் உண்மை! இங்கேதான் எனக்கு வயிறு எரிகிறது. அந்த போன் பேச்சில் மனிதர் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. லென்ஸின் நிஜமான குறைகளை ஒவ்வொன்றாக எடுத்து, உடைந்த பாகத்தின்மேல் போர்த்திக்கொண்டே இருந்தார்.

சரி, அசையாத ஒன்றை எடுப்போம் என்று ஹாலில் மாட்டியிருந்த தினக் காலண்டரை எடுத்தேன். நாலு மீட்டர் தூரம், 400, ஷட்டர் 1/160, கையில் பிடித்து. ஐஎஸ் ஆஃப் செய்து இருபது படம், ஆன் செய்து இருபது. ஆஃபில் எடுத்ததில் ஏழெட்டில் ராகு காலம் எத்தனை மணி என்று படிக்க முடிகிறது. ஆனில் எடுத்த எல்லாவற்றிலும் இரண்டு ராகு காலம். எனக்கு அன்றைக்கு உண்மையிலேயே இரண்டுதான்.

திங்கள்கிழமை பாரிமுனைப் பக்கம் தெரிந்த ஒரு மெக்கானிக்கிடம் காட்டினேன். டார்ச்சை ஒரு பக்கம் அடித்து மறுபக்கம் பார்க்கச் சொன்னார். உள்ளே கண்ணாடியில் சிலந்தி நூல் மாதிரி ஃபங்கஸ், பூஞ்சை. பின்பக்க மவுன்ட்டில் இருந்த எழுத்தைக் காட்டி, "முதல் எழுத்து ஃபேக்டரி, ரெண்டாவது வருஷம். இது க்யூ, அப்படின்னா 2002" என்றார். கடைக்காரர் சொன்னது 2012. "கீழ விழுந்த லென்ஸு சார், ஐஎஸ் யூனிட் போச்சு. இதுக்குப் பார்ட்ஸ் தேடறது கஷ்டம்."

கடைக்கு நேரில் போனேன். இந்த முறை டீ இல்லை, தம்பியும் இல்லை, "சார்" ஆகிவிட்டேன். "வாங்கும்போது நீங்கதானே சார் டெஸ்ட் பண்ணீங்க? பில் இருக்கா?" என்றார். கடைசியில் பெரிய மனசு பண்ணி, "வேணும்னா 15,000-க்குத் திருப்பி எடுத்துக்கறேன்." என்னிடம் 38,500-க்கு விற்று மூன்று நாள்கூட முடியவில்லை! அதற்குப் பிறகு போனை எடுப்பது கடைப் பையன். "அண்ணன் வெளியூர் போயிருக்காரு." நேற்றும் வெளியூர், இன்றும் வெளியூர்.

விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், கை நடுங்குகிறது, இதற்கு எந்த ஐஎஸ்ஸும் உதவாது. சுருக்கமாகச் சொல்கிறேன். வெயிலில் டெஸ்ட் செய்யாதீர்கள், கடைக்குள் இருட்டு மூலையில், முழு ஜூமில், ஷட்டர் வேகத்தைக் குறைத்து, ஐஎஸ் ஆன், ஆஃப் இரண்டிலும் எடுத்துப் பாருங்கள். எடுத்ததைப் பெரிதாக்கிப் பாருங்கள், கேமராவின் குட்டித் திரையில் எல்லாமே அழகுதான். டார்ச் கொண்டு போங்கள். பின்னால் இருக்கும் எழுத்தைப் படியுங்கள். எஸ்டிமேட் சீட்டை வாங்காதீர்கள், பில் கேளுங்கள். கேஷ் கொடுக்காதீர்கள், நான் 1,500-க்கு ஆசைப்பட்டு 38,500-க்கு ஆதாரமில்லாமல் நிற்கிறேன்.

நாளை சாயங்காலம் காலண்டர் படங்களை பிரிண்ட் போட்டு எடுத்துக்கொண்டு மறுபடி அந்த மாடி ஏறப்போகிறேன். அண்ணன் ஊரில் இருந்தால் சொல்கிறேன்.