மரண உதவிச் சங்கத் தலைவர் எந்தக் கணக்கைப் படிக்க வேண்டும்?

200 பேர், மாதச் சந்தா 100 ரூபாய், மரணம் நடந்த குடும்பத்துக்கு உதவித்தொகை என்று ஒரு தோட்டச் சங்கத்தை வைத்துக்கொள்வோம். அதற்கு இரண்டு கணக்குகள் உண்டு.

பெறுவனவு கொடுப்பனவுக் கணக்கு கையில் வந்துபோன காசை மட்டும் சொல்லும். ஒரு வருடத்தில் வரவு 1,92,000, உதவித்தொகை 1,40,000, கதிரை வாங்கியது 40,000, மீதி 12,000. பொருளாளர் இதை வாசித்ததும் கூட்டம் கைதட்டிவிடும். அந்த 12,000 முழுவதும் அடுத்த வருடத்துக்கு முன்கூட்டிக் கட்டிய சந்தா என்பது அதில் தெரியாது. இரண்டு குடும்பங்களுக்கு இன்னும் கொடுக்காத 50,000உம் தெரியாது.

வருமான செலவினக் கணக்கு அந்த வருடத்துக்கு உரியதை எடுக்கும். சந்தா 2,40,000, உதவித்தொகை 1,90,000, 5 வருடம் உழைக்கும் கதிரை விலையில் அந்த ஒரு வருடப் பங்கு, அதாவது தேய்வு, 8,000. மிகை 42,000.

இதையும் அப்படியே நம்பக்கூடாது. அந்த வருடத்துக்கு இன்னும் கட்டாத சந்தா 60,000 நிலுவையாக அதற்குள் இருக்கிறது. லயத்தை, அதாவது தோட்டக் குடியிருப்பை, விட்டுக் கொழும்புக்குப் போனவர்களின் சந்தா திரும்புமா? பாதி வராவிட்டால் மிகை 12,000தான்.

மாதாமாதம் காசைச் சரிபார்க்க முதலாவது போதும், வங்கிக் கூற்றோடு ஒப்பிட்டால். உதவித்தொகையை உயர்த்தும் தீர்மானத்துக்கு இரண்டாவதுதான் வேண்டும், நிலுவைப் பட்டியலும் கூடவே.